தொலைக்காட்சி விளையாட்டுக் கருவி வீடு புகுந்த வரலாறு

வீட்டில் வைத்து விளையாடும் வீடியோ விளையாட்டுக் கருவிகளின் வரலாற்றை எழுதுவோர் பலர், அதனை அற்றாரி நிறுவனத்தின் ‘பொங்’ என்னும் விளையாட்டிலிருந்தே தொடங்குவர். அது பொருத்தமன்று. பொங் விற்பனைக்கு வருவதற்கு முன்னரே, 1972 ஆம் ஆண்டு செப்ரெம்பர் மாதத்தில், ஐக்கிய அமெரிக்காவின் மக்னவொக்ஸ் விற்பனை நிலையங்களில் ‘ஒடிசி’ என்னும் கருவி விலைக்கு வந்துவிட்டது. விலை ஏறத்தாழ 100 டொலர். அதனை வாங்கிச் சென்ற குடும்பத்தினர் பெட்டியைத் திறந்தபின் யாது செய்யவேண்டியிருந்தது என்பதை நுணுகி நோக்கின், அக்கருவியின் சிறப்பும் அது பரவாமற்போன காரணமும் ஒருங்கே புலனாகும்.

ஒடிசியின் மூலகர்த்தா றால்வ் பேயர் என்பவர். 1922 இல் ஜேர்மனியிற் பிறந்த யூதர். நாசியர் கொடுமைக்குத் தப்பி 1938 இல் குடும்பத்துடன் அமெரிக்கா சென்றவர். தொலைக்காட்சிப் பொறியியலிற் பட்டம் பெற்ற அவர், நியூ ஹாம்ஷயர் மாநிலத்திலே பாதுகாப்புத் துறைக்கு இலத்திரனியற் கருவிகள் செய்து கொடுத்த சாண்டர்ஸ் நிறுவனத்திற் பணிபுரிந்தார். 1966 ஓகஸ்ற் இறுதி நாளில், நியூயோர்க்கில் ஒரு பஸ் நிலையத்தின் வெளியே நண்பர் ஒருவரின் வருகைக்குக் காத்திருந்தபோது அவர் உள்ளத்தில் ஒரு வினா எழுந்தது. கோடிக்கணக்கான வீடுகளில் உள்ள தொலைக்காட்சிப் பெட்டி, நிலையத்தார் அனுப்புவதைக் காட்டுவதற்கு மட்டுந்தானா பயன்படவேண்டும்? மறுநாளே நான்கு பக்கக் குறிப்பொன்றை எழுதினார். பில் ஹரிசன், பில் றஷ் ஆகிய இருவரின் துணையோடு 1968 அளவில் உருவான மாதிரிக்கருவி, மரம்போலத் தோன்றும் தாள் ஒட்டப்பட்டிருந்தமையாற் ‘கபிலநிறப் பெட்டி’ எனப் பெயர் பெற்றது. தொலைக்காட்சி உற்பத்தியாளர் பலருக்கும் அது காட்டப்பட்டது. இறுதியில் 1971 இல் மக்னவொக்ஸ் உடன்பட்டது.

கருவியை வாங்கியவர் முதலிற் செய்யவேண்டியிருந்தது தொலைக்காட்சிப் பெட்டியின் பின்புறத்துக்குச் செல்வதாகும். அன்ரனாக் கம்பியைத் திருகாணிகளிலிருந்து கழற்றி, உடன்வந்த சிறு ஆளிப்பெட்டியை அவ்விடத்திற் பூட்டி, அன்ரனாவையும் ஒடிசியையும் அதனோடு இணைத்தல் வேண்டும். ஆளியை ஒருபுறம் தள்ளினால் வழமையான ஒளிபரப்பு. மறுபுறம் தள்ளினால் விளையாட்டு. கருவி தானே ஒரு சிறு ஒளிபரப்பு நிலையமாக இயங்கி 3 ஆம் அல்லது 4 ஆம் அலைவரிசையில் தோன்றிற்று. அதன் அலை அன்ரனா வழியே வெளியேறி அயல்வீட்டார் பெட்டியில் இடையூறு விளைவியாதிருக்கவும் இந்த ஆளி உதவிற்று. மின்சாரத்துக்கு ஆறு மின்கலங்கள் வேண்டும். சுவர் மின்சாரத்தில் இயக்குவதற்கான இணைப்புக் கருவியைத் தனியே விலைகொடுத்து வாங்கவேண்டும். நூறு டொலர் கொடுத்தவரிடம் இதற்கும் பணம் கேட்டமை தாராளமான செயலென்று சொல்வதற்கில்லை.

இவ்வளவு செய்தபின் திரையில் தோன்றியவை கறுப்புப் பின்னணியிற் சில வெண்சதுரங்களும் ஒரு கோடுமே. வண்ணமில்லை; ஒலியில்லை. கருவியினுள்ளே கணனிச் சில்லு எதுவுமில்லை. திரான்சிற்றர்களும் டயோட்டுகளுங் கொண்ட சுற்றுகளே இருந்தன. உடன்வந்த ஆறு அட்டைகளைப் பிற்காலத்து விளையாட்டுப் பேழைகளோடு ஒப்பிடுவது தவறு. அவற்றுள் நிரல் எதுவும் பதியப்படவில்லை. உள்ளிருந்த சுற்றுகளை வெவ்வேறு வகையாக இணைத்தலே அவற்றின் பணி.

எஞ்சியதை வீட்டாரே நிறைவு செய்யவேண்டியிருந்தது. ஒளிபுகும் வண்ணத் தாள்கள் இரண்டு அளவுகளில் வழங்கப்பட்டன. தம் பெட்டிக்கு ஏற்றதைத் தெரிந்து திரையில் ஒட்டினால், மைதானமோ பனிச்சரிவோ பேய்வீடோ தோன்றும். பகடைக்காய்கள், சீட்டுகள், விளையாட்டுப் பணத்தாள்கள் என்பனவும் பெட்டியில் இருந்தன. இங்கு மனங்கொள வேண்டியது, கருவிக்கு விளையாட்டின் விதி எதுவுந் தெரியாது என்பதாகும். தாளில் வரையப்பட்ட சுவர் எங்குளது என்பதை அது அறியாது, புள்ளிகளையும் எண்ணாது. பனிச்சறுக்கு விளையாட்டிற் பாதையை விட்டு விலகியவர் தாமே அதனை ஒப்புக்கொள்ள வேண்டும். கணக்கு வைப்பதும் நடுவராய் இருப்பதும் சுற்றியிருந்த மனிதரே. கிளித்தட்டிலும் தாயத்திலும் போல, ஆடுவோரின் நேர்மையே விதியைக் காத்தது. பின்வந்த கருவிகள் இப்பொறுப்பை முற்றாகத் தம்வசமாக்கிக் கொண்டன. விரைவும் துல்லியமும் அதனால் வந்தன என்பது உண்மை. ஆயினும் விதியைப் பேசித் தீர்க்கும் உரிமை ஆடுவோர் கையைவிட்டு நழுவியதும் அப்போதுதான்.

ஒடிசி 1975 வரை ஏறத்தாழ மூன்றரை இலட்சம் விற்பனையாயிற்று. புதுப்பொருளொன்றுக்கு இது சிறிய தொகையன்று; எனினும் எதிர்பார்த்த அளவுக்குப் பரவவில்லை. மக்னவொக்ஸ் தன் சொந்த முகவர்களின் கடைகளிலேயே அதனை விற்றமையால், அந்நிறுவனத்தின் தொலைக்காட்சிப் பெட்டியோடு மட்டுமே அது இயங்கும் என வாங்குவோர் பலர் எண்ணினர். உண்மையில் எப்பெட்டியோடும் அது இயங்கும். கருவியின் குறையைவிடக் கடையின் அமைப்பே அதற்கு மிகுந்த தடையாயிற்று எனலாம்.

1972 மே மாதம் கலிபோர்னியாவின் பேர்லிங்கேம் நகரில் ஒடிசி காட்சிக்கு வைக்கப்பட்டபோது, வருகையேட்டிற் கையொப்பமிட்டவர்களுள் நோலன் புஷ்னெல் ஒருவர். அவ்வாண்டிலேயே அற்றாரியைத் தொடங்கிய அவர், அலன் அல்கோணைக் கொண்டு பொங்கை உருவாக்கினார். 1974 இல் மக்னவொக்ஸ் வழக்குத் தொடுத்தபோது அக்கையொப்பமே சான்றாயிற்று. 1976 இல் அற்றாரி சமரசம் செய்து உரிமம் பெற்றது. ஏனையோர்மீதான வழக்கில், 1977 சனவரியில் சிக்காகோ நீதிபதி ஜோன் கிறேடி பேயரின் காப்புரிமையே இத்துறையின் முன்னோடி எனத் தீர்ப்பளித்தார்.

சந்தையிலோ வெற்றி வேறிடஞ் சென்றது. 1975 இல் அற்றாரி வீட்டுப் பொங்கை சியர்ஸ் கடைகள் மூலம் விற்றபோது, திரையில் ஒட்டத் தாளில்லை, எண்ணப் புள்ளியில்லை. ஒற்றைச் சில்லே ஒலியும் எழுப்பிப் புள்ளியும் காட்டிற்று. பெட்டியின் பின்புறத்து ஆளி மட்டும் நீங்கவில்லை. 1985 இல் நின்ரெண்டோவின் கருவி நியூயோர்க்கில் விற்பனைக்கு வந்தபோதும், அதனை வாங்கியோருட் பலர் 3 ஆம் அல்லது 4 ஆம் அலைவரிசையைத் தேடியே விளையாடத் தொடங்கினர்.