தாராவியின் தமிழ்வழிப் பள்ளிகள்: சேர்க்கைக் கணக்கு சொல்லாதவை

மும்பையின் மாநகராட்சித் தமிழ்வழிப் பள்ளிகளில் பிள்ளைகள் குறையும்போதெல்லாம் பெற்றோரின் ஆங்கில மோகமே காரணமாகக் காட்டப்படுகிறது. அது பாதி உண்மை. மறுபாதி, அப்பள்ளிகள் திட்டமிடப்பட்ட விதத்தில் இருக்கிறது.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியிலிருந்து திருநெல்வேலிச் சீமையின் தலித் தொழிலாளர்களும் தமிழ் முஸ்லிம்களும் தாராவியின் தோல் பதனிடும் தொழிலை நம்பிக் குடியேறினர். 1920இல் பம்பாய் நகரத் தொடக்கக் கல்விச் சட்டம் வந்தது. 1925இல் எஃப், ஜி வார்டுகளில் கட்டாயக் கல்வி முதலில் நடைமுறையாயிற்று. தாராவி இன்று அடங்கியுள்ள ஜி வடக்கு வார்டு, அந்தப் பழைய ஜி வார்டின் ஒரு கூறு. தொழிலாளர் பேசிய மொழிகளிலேயே பள்ளி நடத்துவது நகரத்தின் வழக்கமாக வளர்ந்தது. மராத்தி, குஜராத்தி, உருது, இந்தி, தெலுங்கு, கன்னடம் ஆகியவற்றோடு தமிழும் பயிற்றுமொழியாயிற்று. 1956இல் அரசியலமைப்பில் சேர்க்கப்பட்ட 350ஏ பிரிவு, மொழிச் சிறுபான்மைக் குழந்தைகளுக்குத் தொடக்கநிலையில் தாய்மொழிக் கல்விக்குப் போதிய வசதி செய்துதர முயல வேண்டும் என மாநிலங்களைப் பணித்தது.

‘தொடக்கநிலையில்’ என்ற அந்தச் சொல்லில்தான் சிக்கல் தொடங்குகிறது. மாநகராட்சிக்குத் தொடக்கக் கல்வி சட்டக் கடமை. உயர்நிலைக் கல்வி அதன் விருப்பத்துக்கு உட்பட்டது. மகாராஷ்டிரத்தில் தொடக்கப் பள்ளிகள் நெடுங்காலம் ஏழாம் வகுப்போடு முடிந்தன. அதற்கு மேல் தமிழ்வழியில் படிக்க இடம் அரிது. ஏழாண்டு தமிழில் கணிதமும் அறிவியலும் பயின்ற பிள்ளை, எட்டாம் வகுப்பில் வேறொரு மொழியில் அவற்றைப் புதிதாய்க் கற்க வேண்டும். மேற்படி இல்லாத ஏணியில் பிள்ளையை ஏற்றத் தயங்கும் தாயை மொழிப்பற்று இல்லாதவள் என்பது அநீதி. அவள் எட்டாம் வகுப்பை எண்ணியே முதல் வகுப்பைத் தேர்கிறாள்.

சேர்க்கை குறையத் தொடங்கியபின், கணக்கு தன்னைத் தானே மெய்ப்பித்துக்கொள்கிறது. 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டத்தின்படி, ஐந்தாம் வகுப்பு வரை 60 பிள்ளைகள் வரையுள்ள பள்ளிக்கு இரண்டு ஆசிரியர்களே அளவு. இரண்டு ஆசிரியர் ஐந்து வகுப்புகளைச் சேர்த்து நடத்தும்போது கற்பித்தல் தளர்கிறது. அதைக் காணும் பெற்றோர் அடுத்த ஆண்டு விலகுகின்றனர். எஞ்சியவர்களைக் காட்டி ‘தேவை இல்லை’ என்று எழுத முடிகிறது. அதே சட்டம் அருகமைப் பள்ளியை உரிமையாக்கி, அதன் எல்லையை விதிகளால் வரையறுக்க வைத்தது. தாய்மொழிவழிக் கல்வியையோ ‘இயன்றவரை’ என்ற சொல்லோடு நிறுத்திக்கொண்டது. தொலைவை அளக்க அளவுகோல் உண்டு. மொழியை அளக்க இல்லை.

தாராவி மறுசீரமைப்பு இக்கேள்வியை அவசரமாக்கியுள்ளது. தகுதி பெறாத குடும்பங்களுக்குத் தாராவிக்கு வெளியே வீடு என்பது திட்டம். நெருங்கி வாழ்ந்ததால்தான் அவர்களின் பிள்ளைகளைக் கொண்டு ஒரு வகுப்பறையை நிரப்ப முடிந்தது. குடும்பங்கள் சிதறினால், எந்த இடத்திலும் ஒரு பள்ளிக்குரிய எண்ணிக்கை தேறாது. அதன்பின் ஒரு பள்ளியை மூட எவரும் ஆணையிட வேண்டியதில்லை.

ஆகவே, பள்ளிக்குள் இருக்கும் பிள்ளைகளை எண்ணுவது மட்டும் திட்டமிடல் ஆகாது. வட்டாரத்தில் தமிழ் பேசும் பிள்ளைகள் எத்தனை, அவர்களுக்கு எட்டாம் வகுப்பு எங்கே, குடும்பங்கள் எங்கே குடியமர்த்தப்படும் என்ற மூன்றையும் ஒருசேரக் கணக்கிட வேண்டும். அக்கணக்கு எடுக்கப்படாதவரை, குறையும் சேர்க்கையைப் பெற்றோரின் தீர்ப்பாக வாசிப்பதற்கு எவருக்கும் உரிமையில்லை.