சைக்கிள் டியூபும் பெருங்குடலும்

சைக்கிள் டயரில் ஓரிடத்தில் இழைகள் அறுந்து ஓட்டை விழுந்தால், உள்ளே இருக்கும் டியூப் அதன் வழியே கொப்புளம்போலப் பிதுங்கி நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். காற்றை மேலும் அடித்தால் கொப்புளம் பெருக்கும்; ஒருநாள் வெடிக்கும். டியூபின்மீது குற்றமில்லை. வெளிச்சுவர் அவ்விடத்தில் வலுவிழந்திருப்பதும், உள்ளே அழுத்தம் இருப்பதுமே காரணங்கள்.

நமது பெருங்குடலிலும் இதே நிகழ்ச்சி நடைபெறுகிறது. குடலின் தசைச்சுவரைத் துளைத்துக்கொண்டு இரத்தக் குழாய்கள் உள்ளே செல்லும் இடங்கள் இயல்பாகவே வலுக்குறைந்தவை. அவ்விடங்களில் உட்சவ்வு வெளியே பிதுங்கிச் சிறு பைகளாகத் தொங்கும். இவற்றைப் பிதுக்கப்பைகள் எனலாம். மேலைநாடுகளில் இவை பெரும்பாலும் பெருங்குடலின் இடப்புறக் கடைப்பகுதியான சிக்மாய்டு குடலிலேயே காணப்படுகின்றன. வயது ஏற ஏற மிகுதியாகின்றன. மேலைநாட்டு முதியோரில் பாதிப்பேருக்கு இருப்பதாகக் கணக்கு. பெரும்பாலோர்க்கு இவற்றால் எந்தத் தொல்லையும் இல்லை. சிலருக்கு மட்டும் பை அழற்சியுற்று, இடப்புற அடிவயிற்றில் வலியும் காய்ச்சலும் தோன்றும். பை துளைபட்டால் உயிருக்கே ஆபத்து. சிலருக்கு வலியேதும் இல்லாமல் இரத்தப்போக்கு ஏற்படும்.

பிரெஞ்சு நோய்க்கூற்றியலாளர் ழான் குருவெய்யே 1849-ல் இப்பைகளைத் தெளிவாக விவரித்தார். ஆனால் இறந்தவர் உடலை அறுத்துப் பார்த்தபோதே பைகள் தென்பட்டன. உயிரோடிருப்பவரிடம் அவற்றைக் காண வழியில்லை. இதன் விளைவு கொடுமையானது. நெடுநாள் அழற்சியால் தடித்து இறுகிய குடல், கைக்குப் புற்றுநோய்க் கட்டிபோலவே தட்டுப்படும். இங்கிலாந்தின் லீட்ஸ் நகர அறுவை மருத்துவர் பெர்க்லி மாய்னிஹன், பெருங்குடலில் புற்றுநோயைப்போல் வேடமிடும் இத்தகைய கட்டிகளைப் பற்றி 1907-ல் எழுதினார். புற்றுநோய் என்று கருதி வெட்டியெடுத்த குடலைச் சோதித்தால், அதில் புற்றே இல்லை! அவ்வாறெனில், இனிப் பயனில்லை என்று வயிற்றைத் தைத்து அனுப்பப்பட்டவர்களில் எத்தனைபேர் உண்மையில் புற்றுநோயாளிகள் என்ற கேள்வி எழாமல் இருக்குமா?

ரான்ட்ஜன் 1895-ல் எக்ஸ்-கதிரைக் கண்டுபிடித்துவிட்டார் என்றாலும், குடல் மென்மையான உறுப்பாதலால் அக்கதிர்கள் அதனை ஊடுருவிச் சென்றுவிட்டன. கதிரைத் தடுக்கும் கனமான அணுக்களைக் குடலுக்குள் நிரப்பினால்தான் நிழல் விழும். முதலில் பிஸ்மத் உப்புகளும், 1910-க்குப் பிறகு பேரியம் சல்ஃபேட்டும் இதற்குப் பயன்பட்டன. 1914-ல் சுவிட்சர்லாந்தின் டி கெர்வானும் அமெரிக்காவின் ஜேம்ஸ் கேஸும் பிதுக்கப்பைகளை எக்ஸ்-கதிர்ப் படத்தில் காட்டினர். அரிய நோய் எனக் கருதப்பட்டது, அதன்பின் எங்கும் தென்படலாயிற்று.

கண்டது சரி; சிகிச்சை என்ன? சொரசொரப்பான உணவு பைகளை உறுத்தும் என்ற எண்ணத்தில் நார்ப்பொருள் குறைந்த, குழைவான உணவையே மருத்துவர்கள் பரிந்துரைத்தனர். ஏறத்தாழ ஐம்பது ஆண்டுகள் இதுவே வழக்கமாயிருந்தது. இதற்கு அடிப்படையாக எந்த அளவீடும் இருந்ததில்லை என்பதை இயற்பியல் படித்தவன் என்ற முறையில் வியப்போடு பார்க்கிறேன்.

அளந்து பார்த்தவர் நீல் பெயின்ட்டர். 1960-களில் ஆக்ஸ்ஃபோர்டில், ட்ரூலவ் என்பவருடன் சேர்ந்து, நீர் நிரப்பிய மெல்லிய குழாய்களை நோயாளிகளின் சிக்மாய்டு குடலுக்குள் செலுத்தி அழுத்தத்தைப் பதிவு செய்தார். கூடவே எக்ஸ்-கதிர்த் திரைப்படமும் எடுக்கப்பட்டது. குடல் அடுத்தடுத்த இரண்டு இடங்களில் சுருங்கி மூடிக்கொள்ளும்போது, இடையில் ஒரு மூடிய அறை உண்டாகிறது. அவ்வறையில் அழுத்தம் 90 மி.மீ. பாதரச அளவுக்கும் மேல் ஏறியது. நீரில் சொன்னால், இது 1.2 மீட்டர் உயர நீர்த்தம்பத்தின் அழுத்தம். அப்போது பைகள் உப்புவதும் படத்தில் தெரிந்தது. வலி தீர்க்கும் மார்ஃபினைக் கொடுத்தபோது அழுத்தம் மேலும் கூடியது! அழற்சியுற்ற பையை உடைய நோயாளிக்கு அது எவ்வளவு பொருந்தாத மருந்து என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

சிக்மாய்டில் மட்டும் ஏன் இவ்வளவு அழுத்தம்? இங்கே லாப்லாஸ் விதி உதவுகிறது. சிறிய சோப்புக் குமிழியையும் பெரிய குமிழியையும் ஒரு குழாயால் இணைத்தால், சிறியது சுருங்கிப் பெரியதற்குள் காற்றைத் தள்ளும் என்று பாடத்தில் படித்திருப்பீர்கள். உருளைக் குழாயிலும் அப்படியே: அழுத்தம் என்பது சுவரின் இழுவிசையை ஆரத்தால் வகுத்தது. பெருங்குடலில் மிகக் குறுகலான பகுதி சிக்மாய்டு. ஆகவே அதே தசைவிசை அங்கே அதிக அழுத்தத்தைத் தோற்றுவிக்கும். மாணவர் பலர் இவ்விதியைத் தலைகீழாகப் பிடித்துக்கொள்வதுண்டு. குடல் அடைபட்டு வாயு நிரம்பும்போது அழுத்தம் எங்கும் ஏறத்தாழ ஒன்றே. அப்போது ஆரம் பெரிதான இடத்தில்தான் இழுவிசை மிகுதி. அதனால் அடைப்பில் வெடிக்கக்கூடியது வலப்புறத்தில் அகன்றிருக்கும் சீக்கம் என்ற தொடக்கப்பகுதி. பைகள் வருவதோ இடப்புறக் குறுகலில்.

குடலுக்குள் பொருள் நிறைந்திருந்தால் ஆரம் குறையாது, அழுத்தமும் ஏறாது. பெயின்ட்டரின் இக்கருத்தோடு, உகாண்டாவில் அறுவை மருத்துவராயிருந்த டெனிஸ் பர்கிட்டின் அனுபவம் சேர்ந்தது. ஆப்பிரிக்கக் கிராம மக்களிடம் இந்நோயை அவர் காணவில்லை. எக்ஸ்-கதிரில் தெரியும் சிறு பிளாஸ்டிக் துணுக்குகளை விழுங்கச் செய்து, அவை வெளிவரும் நேரம் கணக்கிடப்பட்டது. உகாண்டா கிராமத்தாரிடம் சராசரி சுமார் 36 மணி. பிரிட்டிஷ் கடற்படையினரிடம் சுமார் 83 மணி. நாள் ஒன்றுக்கு மலத்தின் எடை முன்னவர்க்கு 470 கிராம், பின்னவர்க்கு 104 கிராம். 1971-ல் இருவரும், இது நார்ப்பொருள் குறைவால் வரும் மேலைநாட்டு நாகரிக நோய் என்று அறிவித்தனர். அடுத்த ஆண்டு பெயின்ட்டர் தம் 70 நோயாளிகளுக்குக் கோதுமைத் தவிடு கொடுத்துப் பெரும்பாலோர்க்குக் குணம் கண்டதாக எழுதினார். ஐம்பதாண்டுச் சிகிச்சை தலைகீழாயிற்று.

எனினும், தவிடு உண்ணாத நோயாளிகளின் குழு ஒன்று அந்த ஆய்வில் ஒப்பிடப்படவில்லை. அந்தக் குறை பின்னர் தலைகாட்டியது. 2012-ல் அமெரிக்காவில் 2104 பேரின் குடலை உள்நோக்கிக் கருவியால் பார்த்தபோது, நார்ப்பொருள் மிகுதியாக உண்டவர்களுக்குப் பைகள் குறைவாக இல்லை. ஆனால் பிரிட்டனில் 47,000 பேரைத் தொடர்ந்து கவனித்து 2011-ல் வெளியிட்ட ஆய்வில், இந்நோயால் மருத்துவமனையில் சேரவோ இறக்கவோ நேரும் வாய்ப்பு சைவ உணவினருக்கு 31 விழுக்காடு குறைவாயிருந்தது. பை உண்டாவது வேறு, அது நோயாக மாறுவது வேறு என்றுதான் இவ்விரண்டையும் சேர்த்துப் புரிந்துகொள்ள முடிகிறது. பருப்பு வகைகளும் சோளப்பொரியும் பைக்குள் சிக்கும் என்ற பழைய அச்சத்தையும் 2008-ல் வந்த ஓர் ஆய்வு போக்கிவிட்டது.

நோயை அறியும் முறையும் இதற்குள் மாறியிருந்தது. பேரியம் குடலின் உட்குழிவின் நிழலைத்தான் காட்டும். அழற்சியோ சுவருக்கு வெளியே, சுற்றியுள்ள கொழுப்பில் நடக்கிறது. துளையிருந்தால் பேரியம் வயிற்றறைக்குள் கசிந்து கேடு விளைவிக்கும். 1971-ல் முதல் நோயாளியைப் படமெடுத்த ஹவுன்ஸ்ஃபீல்டின் சி.டி. கருவி, உடலைக் குறுக்கே சீவியதுபோன்ற படம் தரவல்லது. 1984-ல் ஹல்னிக் குழுவினர் இந்நோய்க்கு அதன் பயனை விளக்கினர். தடித்த குடல்சுவர், கலங்கிய கொழுப்பு, சீழ்க்கட்டி, வெளியேறிய காற்றுக் குமிழி எல்லாம் அதில் தெரியும். இன்று திடீர் வலியோடு வருவோர்க்கு இரத்தச் சோதனையுடன் சி.டி. படமே முதன்மையானது. உள்நோக்கிக் கருவியை அப்போது பொதுவாகத் தவிர்ப்பர். அது ஊதும் வாயு, அடைபட்டிருக்கும் துளையைத் திறந்துவிடக்கூடும். வேண்டியவர்களுக்குச் சில வாரங்கள் கழித்து அதனைச் செலுத்தி, புற்றுநோய் இல்லை என்று உறுதி செய்வர்.

ஒன்று பாக்கியிருக்கிறது. ஜப்பான், சிங்கப்பூர், ஹாங்காங் மக்களிடம் பைகள் பெரும்பாலும் வலப்புறப் பெருங்குடலில் வருகின்றன. அங்கே அழற்சி உண்டானால் அறிகுறிகள் குடல்வால் அழற்சியையே ஒத்திருப்பதால், குடல்வாலை எடுக்க வயிற்றைத் திறந்த பிறகு உண்மை தெரியவந்ததுண்டு. அந்தப் பகுதியோ அகலமானது. குறுகிய ஆரத்தைக் கொண்டு பெயின்ட்டர் போட்ட கணக்கு அங்கே பொருந்தவில்லை.