சுசானா வீட்டுக்கு வந்த மனைவிகள்

நியூயார்க்கில் ஒரு பழைய சாமான் சந்தையில் அகப்பட்ட புகைப்படங்கள் 2005இல் புத்தகமாக வந்தன. பூப்போட்ட கவுன், முத்துமாலை, விக். சிலர் ஸ்கிராபிள் ஆடுகிறார்கள். பார்த்தால் ஏதோ மாதர் சங்கக் கூட்டம் போலிருக்கும். ஊருக்குள் அவர்கள் ஆண்கள், பலர் கல்யாணமானவர்கள். 1960களின் முற்பகுதியில், கேட்ஸ்கில் மலைப்பகுதியில் இருந்த ‘காசா சுசானா’ விடுதிக்கு வந்து, வார இறுதியைப் பெண்ணுடையில் கழித்துவிட்டுத் திரும்பியவர்கள். விடுதியை நடத்தியவர் சுசானா வாலென்டி. கூட நின்று நடத்தியவர் அவருடைய மனைவி மரீ. மன்ஹாட்டனில் விக் கடை வைத்திருந்தவர். (சுசானாவைச் சொல்ல நம்மிடம் ‘அவர்’ இருக்கிறது. ஆங்கிலத்தில் எழுதுகிறவர்கள்தான் பாவம்.)

சிலர் மனைவியோடும் வந்தார்கள். அந்தப் பெண்கள் எதை நம்பி வந்தார்கள்?

அவர்களுக்குச் சொல்லப்பட்ட பதிலைத் தயாரித்தவர்களில் முக்கியமானவர் வெர்ஜீனியா பிரின்ஸ். பெண்ணுடை விஷயத்தால் அவருடைய முதல் திருமணம் 1951இல் விவாகரத்தில் முடிந்து, செய்தித்தாள் வரைக்கும் போய் நாறியது. 1960இல் அவர் ‘டிரான்ஸ்வெஸ்டியா’ இதழைத் தொடங்கினார். பிறகு ஒரு சங்கம். தன்பால் ஈர்ப்பாளர்களுக்கும், உடலையே மாற்ற நினைப்பவர்களுக்கும் அதில் இடமில்லை. ஆடை வேறு, ஆசை வேறு என்று ஜெர்மன் மருத்துவர் ஹிர்ஷ்ஃபெல்ட் 1910லேயே எழுதியிருந்தார். அவர் கண்டு சொன்னதை பிரின்ஸ் உறுப்பினர் விதியாகவே ஆக்கிவிட்டார்.

ஏன் இவ்வளவு கறார்? புருஷனின் அலமாரியில் புடவையோ கவுனோ கண்டெடுக்கும் மனைவிக்கு இரண்டே கேள்விகள்தான் வரும். “உங்களுக்கு ஆம்பளைங்க மேலதான் ஆசையா?” “ஒருநாள் பொம்பளையாவே மாறிடுவீங்களா?” இரண்டுக்கும் ‘இல்லை’ என்று அடித்துச் சொன்னால்தான் வீடு நிற்கும். 1967இல் மனைவிகளைப் பற்றித் தனிப் புத்தகமே எழுதினார் பிரின்ஸ். ஆக, அந்த விதி கொள்கை என்பதைவிடக் கல்யாணத்துக்கான காப்பீடு என்றே எனக்குப் படுகிறது.

சிலருக்கு அது உண்மையாகவும் இருந்திருக்கும். அறிவியல் புனைகதைப் பதிப்பாளர் டொனால்ட் வோல்ஹைம், மனைவி எல்சியுடன் அங்கே போனவர். 1966இல் புனைபெயரில் அந்த வட்டத்தைப் பற்றி ஒரு புத்தகமும் எழுதினார். கடைசிவரை கணவராகவே வாழ்ந்தார்.

ஆனால் சட்டம் போட்டவரே என்ன செய்தார் பாருங்கள். 1968 முதல் பிரின்ஸ் முழுநேரமும் பெண்ணாகவே வாழ ஆரம்பித்தார். சுசானாவும் அந்தப் பக்கம்தான் நகர்ந்தார். இவர்கள் பொய் சொன்னார்கள் என்று தோன்றவில்லை. ‘இல்லை’ என்று சொன்ன நாளில் அவர்களுக்கே தெரிந்தது அவ்வளவுதான் போலும். கேட்டவளுக்கு மட்டும் அது வாக்குறுதியாகக் காதில் விழுந்தது.

காசா சுசானாவுக்கு வந்துபோன ஆஸ்திரேலியர் கேத்ரின் கம்மிங்ஸ் நூலகர். மனைவி, மூன்று மகள்கள். ஐம்பது வயதைத் தாண்டிய பிறகே பெண்ணாக மாறினார். அந்த மணவாழ்க்கை தங்கவில்லை. 1992இல் தன் கதையை அவர் புத்தகமாக எழுதினார். அவர் மனைவி எழுதவில்லை.