ஒரே ஆல்பத்துக்கு ரெண்டு தடவை காசு குடுத்த கம்பெனி

போன மாசம் ஆபீஸ் சீனியர் ஒருத்தர் வீடு காலி பண்ணும்போது ஒரு அட்டைப்பெட்டி நிறைய சிடி குடுத்தார். "எடுத்துட்டுப் போ தம்பி, இல்லன்னா பழைய பேப்பர்காரருக்குத்தான் போடணும்"னு சொன்னார். ஆன்சைட்ல இருந்தப்ப வாங்கினதாம். என் லேப்டாப்புல சிடி ட்ரைவ் ஏது? மாமா வீட்டுப் பழைய டிவிடி ப்ளேயரைத் தூசி தட்டி ஒவ்வொண்ணா கேட்டேன். அதுல ஒரு சிடியோட அட்டையில மக்காச்சோளக் கருது மாதிரி ரெண்டு கட்டடம். பேரு 'யாங்கி ஹோட்டல் ஃபாக்ஸ்ட்ராட்'. குழு: வில்கோ.

ராக் இசைன்னாலே காட்டுக்கத்தல்னு நினைக்கிற மக்கள் கொஞ்சம் பொறுத்துக்கங்க. பாட்டைப் பத்தி கம்மியாத்தான் பேசப்போறேன். அந்த சிடி கடைக்கு வந்து சேர்ந்த கதை இருக்கே, பொட்டி தட்டுற நம்மள மாதிரி ஆளுங்க அவசியம் தெரிஞ்சுக்க வேண்டிய கதை.

1994ல அங்கிள் டுபெலோன்னு ஒரு குழு உடைஞ்சுது. மிச்சமிருந்தவங்களை வெச்சு ஜெஃப் ட்வீடி ஆரம்பிச்சதுதான் வில்கோ. ஊர் சிகாகோ. ரிப்ரைஸ்ங்கிற கம்பெனி அவங்க ஆல்பங்களை வெளியிட்டுது. இந்த ரிப்ரைஸை 1960ல ஆரம்பிச்சவர் ஃப்ராங்க் சினாட்ரா. பாடறவனுக்குத் தன் பாட்டு மேல பிடி இருக்கணும்னு ஆரம்பிச்ச கம்பெனி, சில வருஷத்துலயே வார்னர் கைக்குப் போயிடுச்சு. இதை மனசுல வெச்சுக்கங்க, பின்னாடி உதவும்.

1999க்குள்ள மூணு ஆல்பம் வந்தாச்சு. விமர்சகர்கள் பாராட்டினாங்க, விற்பனை சுமார் ரகம். நாலாவதை சிகாகோவுல 'லாஃப்ட்'னு தங்களோட சொந்த இடத்துலயே 2000 கடைசியிலிருந்து பதிவு பண்ணாங்க. நடுவுல ட்ரம்மர் மாறினார். பழையவர் கென் கூமர் வெளியே, க்ளென் கோட்சே உள்ளே. நேரா நாட்டுப்புற ராக் வாசிச்சுட்டிருந்த குழு, பாட்டுக்கு மேல இரைச்சலையும் கரகரப்பையும் அள்ளிக் கொட்ட ஆரம்பிச்சுது.

அந்தக் கரகரப்புலேருந்துதான் ஆல்பத்தோட பேரே வந்துது. சிலோன் ரேடியோ கேட்டு வளர்ந்த எங்க அப்பா தலைமுறைக்கு சிற்றலைன்னா என்னன்னு தெரியும். முள்ளைத் திருப்பும்போது ரெண்டு ஸ்டேஷனுக்கு நடுவுல 'கொர்ர்ர்'னு ஒரு சத்தம், திடீர்னு எங்கேயோ யாரோ பேசுற குரல். அதுல சில அலைவரிசைகள்ல வெறும் எண்களையும் எழுத்துகளையும் மட்டும் ஒரு குரல் திரும்பத் திரும்பப் படிச்சுக்கிட்டே இருக்கும். வெளிநாட்டுல இருக்கிற உளவாளிகளுக்கு சங்கேதச் செய்தின்னு பரவலா நம்பப்படுது. கையில ஒரு சாதா ரேடியோ இருந்தாப் போதும், யார் கேட்டாங்கன்னு எவனாலும் கண்டுபிடிக்க முடியாது. (நாம ஆயிரம் என்க்ரிப்ஷன் பேசறோம், இதுக்கு ஈடாகுமா சொல்லுங்க!) இந்தக் குரல்களைத் தொகுத்து 1997ல 'தி கானெட் ப்ராஜெக்ட்'னு நாலு சிடியா போட்டாங்க. அதுல ஒரு பெண் குரல் 'யாங்கி, ஹோட்டல், ஃபாக்ஸ்ட்ராட்'னு சொல்லிக்கிட்டே இருக்கும். கால் சென்டர்ல 'ஏ ஃபார் ஆப்பிள்'னு ஸ்பெல்லிங் சொல்ற மாதிரி, ராணுவ எழுத்துமுறையில ஒய், எச், எஃப். வில்கோ அதை எடுத்து 'புவர் ப்ளேசஸ்'ங்கிற பாட்டோட கடைசியில ஓட விட்டாங்க. கேட்காம எடுத்ததுக்கு அந்தத் தொகுப்பை வெளியிட்டவங்க பிற்பாடு வழக்குப் போட, காசு குடுத்து சமரசம் ஆச்சு. அது தனிக் கதை.

இப்ப மெயின் பிக்சர். 2001 ஜனவரியில ஏஓஎல் கம்பெனியும் டைம் வார்னரும் ஒண்ணாச்சு. ரெண்டு கம்பெனி சேர்ந்தா முதல்ல என்ன நடக்கும்? நமக்கு சொல்லித் தரணுமா? ஆட்குறைப்பு. வார்னரோட இசைப் பிரிவுல பல நூறு பேருக்கு வேலை போச்சு. ரிப்ரைஸ் தலைவரா இருந்த ஹௌவி க்ளைன் வில்கோவுக்கு வேண்டியவர், அவரும் கிளம்பிட்டார். புதுசா பொறுப்புல இருந்தவங்க முடிஞ்ச ஆல்பத்தைக் கேட்டுட்டு, இது தேறாதுன்னு சொல்லிட்டாங்க. மாத்தித் தாங்கன்னாங்க. ட்வீடி மாட்டேன்னார். கடைசியில குழு கம்பெனியை விட்டு வெளியே வந்துது, ஆல்பத்தோட உரிமையும் கூடவே வந்துது.

இங்க ரிப்ரைஸை வில்லனாக்குறது ரொம்ப சுலபம். எனக்கென்னவோ அப்படித் தோணலை. அது நாப்ஸ்டர் காலம். எம்பி3 பயத்துல தொழிலே ஆடிப்போயிருந்துது. ரேடியோவுல போட ஒரு ஹிட் பாட்டாவது இருக்கான்னு அவங்க தேடினாங்க, கிடைக்கலை. முதல் பாட்டே ஏழு நிமிஷம், தாளம் தடுமாறித் தடுமாறி வரும். முதல் தடவை கேட்டப்ப ப்ளேயர்தான் மக்கர் பண்ணுதோன்னு எழுந்து போய்ப் பார்த்தேன்!

கடையில வர்றதா இருந்த தேதி 2001 செப்டம்பர் 11. ஆமாங்க, அதே நாள். அட்டையில ரெண்டு கோபுரம் (சிகாகோவோட மரீனா சிட்டி, பெர்ட்ரண்ட் கோல்ட்பர்க் கட்டினது). உள்ளே போரைப் பத்தியும் அமெரிக்கக் கொடியோட சாம்பலைப் பத்தியும் தலைப்புகள். எல்லாம் முன்னாடியே எழுதினது, யாரும் ஜோசியம் பார்க்கலை. ஆனா செப்டம்பர் 18ஆம் தேதி, அந்தப் புகை அடங்குறதுக்குள்ள, வில்கோ முழு ஆல்பத்தையும் தங்களோட இணையதளத்துல இலவசமாக் கேட்க விட்டப்ப, கேட்டவங்களுக்கு எப்படி இருந்திருக்கும்?

அந்த இலையுதிர் காலத்துல ஊர் ஊராக் கச்சேரி பண்ணப் போனா, கடையிலேயே இல்லாத பாட்டை ஜனம் கூடவே பாடுது. அதைப் பார்த்துட்டுப் பல கம்பெனிகள் வரிசையில வந்துது. நவம்பர்ல அவங்க கையெழுத்துப் போட்டது நான்சச்கிட்ட. 2002 ஏப்ரல் 23 அன்னைக்கு சிடி கடைக்கு வந்துது. பில்போர்டு பட்டியல்ல நேரா 13ஆம் இடம், முதல் வாரத்துலயே 55,000 சிடிக்கு மேல. அதுவரைக்கும் அவங்க ஏறாத உயரம். மொத்தத்துல அஞ்சு லட்சத்தைத் தாண்டுச்சு. இதுல காமெடி என்னன்னா, நான்சச்சும் வார்னரோட கம்பெனியேதான்! இடது கையால காசு குடுத்துப் பதிவு பண்ணவெச்சு, வேண்டாம்னு தூக்கிப்போட்டு, வலது கையால திரும்பக் காசு குடுத்து வாங்கினாங்க.

நான்சச்னு எங்கேயோ கேள்விப்பட்ட மாதிரி இருக்கேன்னு யோசிச்சேன். நம்ம ராம்நாட் கிருஷ்ணன்! 1967ல வெஸ்லியன் பல்கலைக்கழகத்துல பாட்டு சொல்லிக்குடுக்கப் போனவரோட 'வித்வான்' எல்பி வந்தது நான்சச்லதான். பேகடையும் சிகாகோ இரைச்சலும் ஒரே லேபிள்ல.

இதுவரைக்கும் எல்லாரும் சொல்ற கதை. நல்லவன் ஜெயிச்சான், கெட்டவன் முழிச்சான். எனக்கு உறுத்துறது இன்னொருத்தர்.

ஜே பென்னட். வில்கோவுல எந்த வாத்தியத்தையும் எடுத்து வாசிக்கிறவர். இந்த ஆல்பத்துல பாதிக்கு மேல பாட்டுல எழுத்தாளரா அவர் பேர் இருக்கு. பதிவு நடந்த மாசங்களை சாம் ஜோன்ஸ் கறுப்பு வெள்ளையில ஆவணப்படமா எடுத்து 2002லயே வெளியிட்டார். அதுல ஒரு காட்சி. ஒரு பாட்டு முடிஞ்சு அடுத்தது ஆரம்பிக்கிற சில விநாடி எப்படி இருக்கணும்னு பென்னட்டும் ட்வீடியும் வாதாடுறாங்க. பென்னட் விட மாட்டேங்கிறார், தான் சொல்றது ட்வீடிக்குப் புரியணும், அவ்வளவுதான் வேணும் அவருக்கு. ட்வீடிக்குத் தலைவலி தாங்காம எழுந்து போய் வாந்தி எடுக்கிறார். கடைசி மிக்ஸிங் ஜிம் ஓ'ரூர்க் கைக்குப் போச்சு. 2001 ஆகஸ்ட்ல பென்னட்டை வெளியே அனுப்பிட்டாங்க. ஆல்பம் உலகத்துக்குக் கேட்கக் கிடைக்கிறதுக்கு ஒரு மாசம் முன்னாடி.

அப்புறம் அவர் தனியா ஆல்பம் போட்டார், பெருசா எடுபடலை. இடுப்பு மாற்று அறுவை சிகிச்சை தேவைப்பட்டுது, இன்சூரன்ஸ்ல வராது. 2009 மே மாசம் ட்வீடி மேல வழக்குப் போட்டார். அதே மாசம் 24ஆம் தேதி, வலி மருந்து அளவு மீறி, தூக்கத்துலயே போயிட்டார். வயசு 45.

படத்துல பென்னட்டைப் பார்த்தா எரிச்சல்தான் வருது, அதை மறைக்க விரும்பலை. ட்வீடி இடத்துல இருந்திருந்தா நானும் அதையேதான் செஞ்சிருப்பேன்னு நினைக்கிறேன். செஞ்சும் இருக்கேன். எங்க கம்பெனி கைமாறினப்ப, ஒன்றரை வருஷம் நாங்க எழுதின ப்ராடக்டை ரிலீஸுக்கு மூணு வாரம் முன்னாடி மூடிட்டாங்க. கோட் எங்களோடது இல்லை, எதுவும் வெளியே எடுத்துட்டு வர முடியலை. அதுக்கு நான் இன்னும் புலம்பறேன். ஆனா அதுக்கும் ரெண்டு மாசம் முன்னாடி, டீம்ல எல்லாத்துக்கும் எதிர்க்கேள்வி கேட்டுக்கிட்டே இருந்த ஒரு பையனை அனுப்பினாங்க. என்கிட்ட அபிப்ராயம் கேட்டாங்க. "கூட வேலை செய்யறது கஷ்டம்"னு சொன்னேன். பாதி டிசைன் அவனோடது.

2022ல இருபது வருஷம் ஆச்சுன்னு பெரிய பெட்டியா மறுபடி வெளியிட்டாங்க. சிறந்த வரலாற்று ஆல்பத்துக்கான கிராமி 2023ல அதுக்குக் கிடைச்சுது. நான் அந்தப் பழைய சிடியைத்தான் கேட்டுட்டிருக்கேன். நேத்து ராத்திரி அந்தப் பையனுக்கு மெசேஜ் போட்டேன். ரெண்டு டிக் விழுந்திருக்கு, இன்னும் நீலம் ஆகலை.