புல்டோக்கும் சுமாத்திராக் கோட்டையும்

திருகோணமலைத் துறைமுகத்தை அண்டிய பாலையூற்றில் நாய் வீட்டைக் காக்கும். அந்த நாய்க்கே ஒரு காப்புறுதி உண்டென்றால் அங்குள்ள முதியவர்கள் சிரிப்பார்கள். ஆனால் அவ்வூரிலிருந்து இலண்டனுக்கும் ரொறன்ரோவுக்கும் பெயர்ந்தோரின் பிள்ளைகள் இன்று புல்டோக் வளர்க்கிறார்கள். எந்தக் காப்புறுதியை எடுப்பது என்று என்னையும் கேட்கிறார்கள். நெடுங்காலம் செய்தித்தாள்களோடு வாழ்ந்த எனக்கு, இதற்கான விடை ஒரு பழைய கோட்டையின் கதையில் இருப்பதாகத் தோன்றுகிறது.

1782 இல் திருகோணமலை ஒரே ஆண்டில் இருமுறை கைமாறியது. ஜனவரியில் ஒல்லாந்தரிடமிருந்து ஆங்கிலேயர் பறித்தனர்; ஆகஸ்டில் பிரெஞ்சுத் தளபதி சப்ரென் அதைக் கைப்பற்றினார். கோட்டைகள் இவ்வாறு கைமாறிய அந்நூற்றாண்டில், கோட்டை வீழ்ந்தால் நட்டஈடு பெறக் காப்புறுதி எடுத்தவரும் ஒருவர் இருந்தார். சுமாத்திராவின் பென்கூலனில், கிழக்கிந்தியக் கம்பனியின் மார்ல்பரோ கோட்டைக்கு ஆளுநராயிருந்த கார்ட்டரே அவர்.

1760 இல் அக்கோட்டை பிரெஞ்சுக்காரர் வசமாயிற்று. கோட்டையின் பலவீனத்தை மறைத்துவிட்டார் என்று கூறிக் காப்புறுதியாளர் பணம் கொடுக்க மறுத்தார். 1766 இல் இவ்வழக்கை விசாரித்த மான்ஸ்பீல்ட் பிரபு ஒரு நெறியை வகுத்தார்: காப்புறுதி பெறுபவர் தமக்கு மட்டுமே தெரிந்ததை மறைக்கலாகாது, காப்புறுதியாளர் தாமே அறிந்திருக்க வேண்டியதை அவருக்கு எடுத்துச்சொல்ல வேண்டியதில்லை. முடிவு கார்ட்டருக்குச் சாதகமாயிற்று.

இனி நாய்க்கு வருவோம். காளையோடு நாய்களை மோதவிடும் விளையாட்டு இங்கிலாந்தில் 1835 இல் தடைசெய்யப்பட்டது. பின்னர் புல்டோக் கண்காட்சிக்குரிய நாயாயிற்று. தட்டை முகமும் மடிப்புத் தோலும் அழகெனப் போற்றி வளர்க்கப்பட்டன. அதன் விலையை நாய் கொடுக்கிறது. பிரித்தானிய அரச மிருக வைத்தியக் கல்லூரி 2022 இல் வெளியிட்ட ஆய்வின்படி, ஏனைய நாய்களைவிடப் புல்டோக் நோய்வாய்ப்படும் வாய்ப்பு ஏறத்தாழ இருமடங்கு. தோல்மடிப்பு அழற்சிக்கு 38 மடங்கு. மூச்சுத்தடைக்கு 19 மடங்கு. இது காப்புறுதி நிறுவனம் நன்கறிந்த பலவீனம். கட்டணம் உயர்வதும் அதனாலேதான்.

நிறுவனம் அறியாதது உங்கள் குட்டியின் கதை. முதல் பரிசோதனையிலேயே “மூச்சில் இரைச்சல்” என்று மிருக வைத்தியர் எழுதியிருந்தால், அதை முன்னரே இருந்த நோயாகக் கொண்டு பின்னாளில் பணம் மறுக்கப்படலாம். பிரித்தானியாவில் 2012 ஆம் ஆண்டுச் சட்டம் நுகர்வோரின் பொறுப்பைத் தளர்த்தியது. கேட்ட கேள்விகளுக்குத் தக்க கவனத்தோடு உண்மை சொன்னால் போதும். எனினும் மறைத்தால் ஆபத்து.

எனவே பத்திரத்தில் நான்கைத் தேடுங்கள். மூச்சுக்குழல் அறுவைச் சிகிச்சையும் பரம்பரை நோய்களும் உள்ளடங்குமா? ஒரு நோய்க்கான உதவி பன்னிரண்டு மாதத்தோடு முடியுமா, ஆண்டுதோறும் புதுப்பிக்கப்படுமா? காத்திருப்புக் காலம் எவ்வளவு? நாய்க்கு வயதேறும்போது செலவில் உங்கள் பங்கு எவ்வளவு கூடும்? குட்டி நலமாயிருக்கும்போதே பதிவுசெய்வது நன்று.

அதற்கும் முன்னர், குட்டியை வாங்கும் இடத்தில் அதன் தாயைச் சற்று நடக்கவிட்டு மூச்சைக் கவனியுங்கள். காப்புறுதி வைத்தியச் செலவைத்தான் தரும். திணறும் நாய்க்கு மூச்சைத் தராது.