கண்ணுக்கு எடுத்த படம், காதுக்கு

வானொலியில் ஒலிச்சித்திரம் என்றால் எங்கள் திண்ணை நிறைந்துவிடும். மூன்று மணி நேரப் படத்தின் வசனமும் பாட்டும் ஒரு மணி நேரமாகச் சுருங்கி வரும். சண்டைக் காட்சியில் வெறும் வாள் சத்தம்தான். கண் தெரியாத அம்மிச்சி, "இப்ப என்னாச்சு கண்ணு?" என்பார். படம் பார்த்த நான் சொல்ல வேண்டும்.

அமெரிக்காவில் வேறு வழி கண்டார்கள். 1977-இல் வந்த 'ஸ்டார் வார்ஸ்' படத்தின் வானொலி உரிமையை, ஜார்ஜ் லூகாஸ் தாம் படித்த பல்கலைக்கழகத்தின் வானொலிக்கு ஒரே டாலருக்குக் கொடுத்தார். பிரயன் டேலி படத்தில் இல்லாத காட்சிகளையும் எழுதிச் சேர்த்தார். இரண்டு மணி நேரக் கதை, 1981-இல் 13 பகுதிகளாக, ஏறக்குறைய ஆறு மணி நேரம் ஒலித்தது. அடுத்த இரண்டு படங்களும் 1983-இலும் 1996-இலும் நாடகமாயின.

நாம் படத்தை வெட்டினோம். அவர்கள் காதுக்கென்றே திரும்ப எழுதினார்கள். அப்படியொன்று இங்கே கிடைத்திருந்தால், அம்மிச்சி யாரையும் கேட்க வேண்டியிருந்திருக்காது.