டயர் விற்கப் போட்ட படுக்கை

1917 ஏப்ரல் 9. ஜெர்மனி மீது அமெரிக்கா போர் அறிவித்து மூன்றே நாள் ஆகியிருந்தது. ஒஹாயோ மாநிலத்து அக்ரான் நகரிலிருந்து, குட்இயர் டயர் கம்பெனியின் பேக்கார்டு லாரி ஒன்று பாஸ்டனுக்குக் கிளம்பியது. 740 மைல் தூரம். நல்ல சாலை அங்கங்கேதான் இருந்தது. குறுக்கே அலிகேனி மலை வேறு. அவ்வளவு தூரத்துச் சரக்கு என்றால் அன்றைக்கு ரயில்தான். லாரி என்பது ஊருக்குள் ஓடுகிற வண்டி. தெரிந்தே இந்த வம்பை விலைக்கு வாங்கியவர் ஒருவர் இருந்தார்.

அவர் பால் லிட்ச்ஃபீல்ட், குட்இயர் தொழிற்சாலையின் தலைமை நிர்வாகி. அப்போது லாரிகள் கெட்டி ரப்பர் சக்கரத்தில் ஓடின. பாரம் தாங்கும், ஆனால் நடை ஆமை நடை. ஒவ்வொரு பள்ளமும் வண்டியின் மூட்டைக் கழற்றிவிடும். காற்றடைத்த டயரைக் கனரக லாரிக்கும் மாட்டலாம் என்பது லிட்ச்ஃபீல்டின் கட்சி. இத்தனை டன் எடையைக் காற்று தாங்குமா என்ற சந்தேகம் வாயால் சொல்லித் தீருகிறதாக இல்லை. ஓட்டியே காட்டிவிடுவது என்று முடிவானது. போகும்போது டயர் லோடு. திரும்பும்போது கனெக்டிகட் ஆலையிலிருந்து டயருக்கு வேண்டிய பருத்தித் துணி. வண்டிக்கு 'விங்ஃபுட் எக்ஸ்பிரஸ்' என்று பெயர் சூட்டினார்கள். பெயரிலிருந்த வேகம் சாலையில் வரவில்லை.

லாரி சேற்றில் புதைந்தது. டயர்கள் ஒன்றன்பின் ஒன்றாக வெடித்தன. மாட்டுவதும் வெடிப்பதுமாக, பாஸ்டன் போய்ச் சேர வாரக்கணக்கில் ஆயிற்று. வேறொருவராக இருந்தால் அத்தோடு கணக்கை முடித்திருப்பார். ஆனால் அதே லாரி திரும்பி வந்தபோது சில நாட்களே பிடித்தன. வெடித்த ஒவ்வொரு டயரும் அடுத்த டயருக்குப் பாடம் சொன்னது. போர்க்காலச் சரக்கு குவிந்து ரயில் பாதைகள் திணறியதும் லாரிக்குச் சாதகமானது. அக்ரான்-பாஸ்டன் ஓட்டம் வழக்கமான சேவையாயிற்று. டயர் பிரச்சினை மெல்ல அடங்க, இன்னொன்று தலைதூக்கியது. ஓட்டுகிற மனிதனுக்குத் தூக்கம் வந்தது.

இரவில் நிறுத்திவிட்டால் காற்று டயர் சம்பாதித்துக் கொடுத்த நேரமெல்லாம் வீண். அதனால் வண்டிக்கு இரண்டு டிரைவர் போட்டார்கள். ஒருவர் ஓட்டும்போது மற்றவர் எங்கே படுப்பது? இருக்கைக்குப் பின்னாலேயே ஒரு படுக்கை அமைத்தார்கள். கெட்டி ரப்பர் லாரியில் உட்கார்ந்திருப்பதே உடம்புக்கு வாதை; அதில் படுத்தால் பல்லெல்லாம் கிடுகிடுக்கும். காற்று டயர் வந்த பிறகுதான் ஓடும் லாரியில் ஒரு மனிதன் கண்ணயர முடிந்தது. டயரை விற்கப் போட்ட அந்தப் படுக்கைதான், இன்று நெடுஞ்சாலை லாரிகளில் சாதாரணமாகிவிட்ட ஸ்லீப்பர் கேபினுக்கு முன்னோடி. ஆனால் அது அறையாக வளர்வதற்கு முன் அதற்கு வேறொரு பெயர் காத்திருந்தது.

சவப்பெட்டி. அமெரிக்க டிரைவர்கள் அப்படித்தான் அழைத்தார்கள். 1933-இல் கென்வொர்த் கம்பெனி ஸ்லீப்பர் கேபின் லாரிகளைக் கொண்டுவந்தது. 1938-இல் டிரைவர்களின் வேலை நேரத்துக்கு அரசு வரம்பு விதித்தபோது, பெர்த்தில் படுத்த நேரமும் ஓய்வாகக் கணக்கானது. அந்தப் பெர்த் எவ்வளவு பெரியது? 1953-க்கு முன் பொருத்தியவற்றுக்கு விதி கேட்ட குறைந்தபட்ச அளவு நீளம் 72 அங்குலம், அகலம் 18, உயரம் 18. ஒன்றரை அடி உயரத்தில் ஆள் ஒருக்களித்துப் படுத்தால் தோள் கூரையில் இடிக்கும். புரள்வதற்கே யோசிக்க வேண்டும். இந்த அங்குலக் கணக்கைப் பார்க்கும்போதெல்லாம், சட்டை கழற்ற இடமில்லாமல் அப்படியே சாய்ந்த அந்த மனிதர்கள்தான் கண்முன் வருகிறார்கள். 1953-இலிருந்து அகலமும் உயரமும் 21 ஆயின. 1975-க்குப் பிறகு 24. இருபதாண்டுகளுக்கு மேல் காத்திருந்து கிடைத்தது மூன்று அங்குலம். ஏன் இந்தக் கஞ்சத்தனம்?

காரணம் லாரியின் மொத்த நீளத்துக்கு மாநிலங்கள் போட்ட வரம்பு. முன் பம்பரிலிருந்து வால் வரை அளந்தார்கள். படுக்கைக்கு ஓர் அங்குலம் கொடுத்தால் சரக்குக்கு ஓர் அங்குலம் குறையும். 1953-இல் ஃப்ரைட்லைனர் கம்பெனிக்கு ஒரு வழி தோன்றியது. பின்னால் நீட்டாமல் படுக்கையைக் கேபினின் தலைமேல் தூக்கி வைத்தார்கள். நீளம் மிச்சமானது. படுக்கப் போகிறவர் மட்டும் பரணுக்கு ஏறுவதுபோல ஏற வேண்டியிருந்தது. உள்ளே நிமிர்ந்து நிற்பது அப்போதும் கனவுதான்.

1976-இல் கென்வொர்த் 'ஏரோடைன்' என்ற கேபினை இறக்கியது. கூரை உயர்ந்திருந்தது, முன்புறம் மேலே இரண்டு சிறு ஜன்னல்கள், உள்ளே மேலும் கீழுமாக இரண்டு படுக்கைகள். எண்ணெய் விலை ஏறியிருந்த காலம் அது. உயர்ந்த கூரை காற்றை ஒதுக்கிவிட்டு டீசலையும் மிச்சப்படுத்தியது. 1982-இல் வந்த மத்தியச் சட்டம், முக்கிய நெடுஞ்சாலைகளில் மொத்த நீளத்தை அளக்கும் வழக்கத்தைக் கைவிட்டு இழுவை வண்டியை அளவுகோலிலிருந்து விடுவித்தது. அதன்பின் கேபினுக்குள் அலமாரி வந்தது, குளிர்பெட்டி வந்தது. விடியற்காலையில் கண்விழித்த டிரைவர், தலை இடிக்காமல் எழுந்து நின்று சட்டையைப் போட்டுக்கொண்டார்.